மூன்று கரண்டிப் பாயசம்

அபினுக்கு வயது இருபத்திரண்டு. அவன் பொறாமைக்குப் பத்தொன்பது. தங்கை பிளஸ்ஸி பிறந்து அவளைத் தொட்டிலில் போட்ட அன்று, மூன்று வயது அபின் தொட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு, "என்னையும் ஆட்டு" என்று அழுதானாம். அம்மா தேவகனி ஒரு கையால் தொட்டிலையும் ஒரு காலால் அவனையும் ஆட்டினாள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தார்கள். இப்படி வளர்ந்தவனிடம் போய்ப் பெருந்தன்மையை எதிர்பார்த்தால் அது எதிர்பார்த்தவர்கள் குற்றம்.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லாத பையன். அருமனையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் வரும் காஞ்சிரத்துவிளையில் வீடு. அப்பா செல்வதாஸ் ரப்பர் பால்வெட்டுக்காரர். அபினும் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவரோடு வெட்டுக்குப் போனவன். பிறகு ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்தான். பந்து விளையாடப் பழகியது அந்த ரப்பர் விளையில்தான். அங்கே தரை முழுக்க இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கும். உதைத்த பந்தை இடது காலால் மறிக்காவிட்டால் அது உருண்டு கீழே ஓடையில் போய் விழும், இறங்கி எடுத்துக்கொண்டு ஏறி வர வேண்டும். ஏறி இறங்கச் சோம்பல்பட்டே அவனுடைய இடது கால் தேறிவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஓர் இடது கால் கிடையாது. இதை அபின் சொல்லவில்லை, ஊரே சொல்லும். சொல்லிவிட்டு, ஆட்டம் என்று வந்தால் வெளியூர்க்காரனை இறக்கும்.

ஊரில் விடிவெள்ளி விளையாட்டுக் கழகம் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஏ டீம், பி டீம் என்று இரண்டு டீம். ஏ டீம் கோப்பைக்கு ஆடும். பி டீம், ஏ டீம் ஆடுவதற்கு முன்னால் கோடு போட்ட சுண்ணாம்பு காயும்வரை ஆடும். மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து வெட்டு நிற்கிற நேரத்தில் ஊர்த் தேவாலயத்தில் சபை நாள் என்கிற திருவிழா வரும். அதையொட்டி நடக்கிற செவன்ஸ் போட்டிக்கு மாவட்டம் முழுவதிலுமிருந்து டீம்கள் வரும். டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து ஆட்டம். அந்த ஏழில் இரண்டு பேர் வரை வெளியூர்க்காரர்களாக இருக்கலாம் என்பது சட்டம். கெஸ்ட் பிளேயர் என்று அவர்களுக்குப் பெயர்.

நான்கு வருஷமாக அபின் பி டீமில் இடது ஓரத்தில் ஆடினான். நான்கு வருஷமாக ஏ டீமில் அந்த இடத்துக்கு மட்டும் எங்கிருந்தாவது ஒரு கெஸ்ட் வந்து இறங்கினான். முதல் வருஷம் கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவன். அடுத்த வருஷம் விடுப்பில் வந்த ஒரு பட்டாளத்துக்காரன். அதற்கடுத்த இரண்டு வருஷமும் வந்தவன் பந்தைத் தொட்டதைவிடத் தன் தலைமுடியைத் தொட்டதே அதிகம், ஆனாலும் அவனுக்குத்தான் இடம். கழகத்தின் செயலாளர் அனில்குமார், கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவர். அவரிடம் ஒரு பதில் எப்போதும் சூடாக இருக்கும்.

"ஊருக்குக் கப்பு வேணுமா, ஊருக்காரன் வேணுமா? ரண்டும் கிட்டாதுலே."

அபின் அந்தப் பதிலை விழுங்கிக்கொண்டு, ஏ டீம் ஆடும்போது கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்பான். அவன் இடத்தில் நிற்கிறவனுடைய காலையே பார்ப்பான். அவன் பந்தைத் தவறவிட்டால் இவனுக்குள்ளே ஒரு குளிர்ச்சி பரவும். சொந்த ஊர் டீம் தோற்றாலும் பரவாயில்லை, அவன் தவறவிட வேண்டும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

இந்த வருஷம் நிலைமை வேறு. பெரியம்மா மகன் ஆன்ஸ்லின் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் அனுப்பிய விசா வந்துவிட்டது. சபை நாள் முடிந்த பன்னிரண்டாம் நாள் விமானம். போனால் இரண்டு வருஷம் வர முடியாது, வந்தாலும் ஒரு மாதம்தான். அதற்குள் வயிறு வைத்துவிடும், முழங்கால் போய்விடும், ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்து, "இவனும் ஒரு காலத்துல பி டீமுல ஆடினவன்" என்பார்கள். ஒரே ஒரு ஆட்டம், சொந்த ஊர் மைதானத்தில், ஏ டீமில் ஆடிவிட்டு விமானம் ஏற வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. தேவகனி இதுவரை மைதானத்துப் பக்கமே போனதில்லை. அதற்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"நீ ஏ டீமுல ஆடுத அன்னைக்குச் சொல்லு, நான் வாறேன். பி டீமப் பாக்கதுக்கு அந்த ஏத்தம் ஏற எனக்க முட்டுக்கு வய்யா."

முழங்காலைத் தடவிக்கொண்டு வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அபின் அதை நான்கு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தான்.

தை மாதமே அனில்குமார் வாக்குக் கொடுத்துவிட்டார். "நீ மஸ்கட்டுக்குப் போற பய. இந்த வருஷம் லெஃப்ட் உனக்காக்கும்." அபின் அதை நம்பினான். காலையில் ஓடினான், மாலையில் ஓடினான், பொரித்த பலகாரத்தைத் தொடவில்லை. போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, அனில்குமார் பேக்கரியில் ரொட்டியை வெட்டிக்கொண்டே அவன் முகத்தைப் பாராமல் சொன்னார்: "ஆரல்வாய்மொழியில ஒருத்தன் கிட்டியிருக்கான். நல்ல பய. விட மனசில்ல. நீ பட்டியல்ல பத்தாமத்த பேரா இருப்ப, என்ன?"

பத்தாவது பெயர் என்றால், மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் இருக்க, ஏழு பேரில் மூன்று பேருக்குக் கால் ஒடிய வேண்டும்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். கெஸ்ட் பிளேயருக்கு லாட்ஜ் போடுகிற வழக்கம் காஞ்சிரத்துவிளையில் இல்லை. விருந்தாளியை லாட்ஜில் தங்கவைப்பது ஊருக்கு அவமானம் என்பார்கள். கழகத்தில் இருப்பவர்களின் வீட்டுப் பெயர்களை எழுதிச் சுருட்டிப் போட்டு, ஒரு சீட்டு எடுப்பார்கள். யார் வீடு வருகிறதோ அவர்கள் ஞாயிறு வரை அவனுக்குச் சோறும் கட்டிலும் கொடுக்க வேண்டும். அன்று மனம் வெறுத்து ஒதுங்கி நின்ற அபினையே கூப்பிட்டுச் சீட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். பிரித்தான். செல்வதாஸ் வீடு.

வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஊர் சிரித்தது.

அன்று மாலை மகேஷ்குமார் தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினான். காற்றாலைக் கம்பெனியில் ஒப்பந்த வேலை, இது காற்றில்லாத மாதம் என்பதால் லீவு கிடைத்ததாம். அபினைவிட இரண்டு வயது மூத்தவன், ஒல்லி, அமைதியான முகம். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அவன் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தான், செல்வதாஸைக் கண்டதும் கைகுவித்தான், தேவகனியை "அம்மா" என்றான். தேவகனிக்கு அங்கேயே உருகிவிட்டது.

தேவகனி உருகினால் அது கறிச்சட்டியில் தெரியும். அன்று நெய்மீன் குழம்பு. நெய்மீனில் நடுத்துண்டு என்று ஒன்று உண்டு, முள் குறைந்தது, சதை கூடியது. அந்த வீட்டில் அது ஆண்டாண்டு காலமாக அபினுக்குரியது. அபின் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அகப்பை அவன் தலைக்கு மேலே போய், மகேஷ்குமாரின் தட்டில் இறங்கியது. அபினுக்கு வால்துண்டு வந்தது.

"எனக்கு இது போதும்மா, அவனுக்கு வையுங்க" என்றான் மகேஷ்குமார்.

"அவன் என்னைக்கும் தின்னுகவன்தானே மக்ளே. நீ தின்னு."

அபின் வால்துண்டைப் பார்த்தான். இடது ஓரத்தை எடுத்துக்கொண்டவன் நடுத்துண்டையும் எடுத்துக்கொண்டான். கட்டிலும் போயிற்று. அபினுக்குக் கூடத்தில் பாய். பிளஸ்ஸி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் கைதேர்ந்தவள். "அண்ணா, தொட்டிலு கெட்டட்டா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள்.

ஒன்றை மட்டும் அபின் அன்று கவனித்துக்கொண்டான். மகேஷ்குமார் சாப்பிட்டு எழுந்தபோது தட்டில் ஒரு பருக்கை இல்லை. கழுவி வைத்த தட்டுப் போல இருந்தது. தேவகனி அதைப் புகழ்ந்தபோது அவன் கூச்சத்தோடு சொன்னான்: "எங்க வீட்ல எல்லாரும் அய்யாவழியாக்கும்மா. எங்க ஊர்த் தாங்கல் கோயில்ல அன்னதர்மம் நடக்கும்லா, சின்னதுலேருந்தே அங்கதான் சாப்பாடு. ஒரு பருக்க மிச்சம் வச்சா எங்கம்மா முதுகுல வச்சிருவா. விளம்பினதத் தின்னாம எந்திரிச்சா எனக்கு ஒறக்கம் வராது."

வியாழக்கிழமை காலிறுதியில் மகேஷ்குமார் ஒரு கோல் போட்டான். வெள்ளிக்கிழமை அரையிறுதியில் இரண்டு போட்டான். கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடு நின்ற அபின் அவன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தக் கால் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தன்னைவிட மோசமானவன் தன் இடத்தைப் பிடித்தால் அது அநியாயம், ஊரைத் திட்டலாம். தன்னைவிட நல்லவன் பிடித்தால் யாரைத் திட்டுவது? ஆட்டம் முடிந்து வந்தவன் பாட்டிலுக்குக் கையை நீட்டியபோது, அபின் மூடியை இறுக்கித் திருகிக் கொடுத்தான். அவ்வளவு சின்னத்தனமும் அவனிடம் இருந்தது.

இந்த வருஷம் துபாய்க்காரர் ஒருவர் ஏ டீமுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். முதுகில் எண்ணுக்கு மேலே ஆங்கில எழுத்தில் பெயர் அச்சடித்திருக்கும். ஏழு பேருக்கும் இரண்டு மாற்று ஆட்டக்காரர்களுக்கும் சட்டை வந்தது. பத்தாவது பெயருக்கு வரவில்லை. மகேஷ்குமாரின் பதினோராம் எண் சட்டை தேவகனி வீட்டுக் கொடியில் காய்ந்தது. அதைத் தினமும் துவைத்தவள் தேவகனி.

ஞாயிற்றுக்கிழமை சபை நாள். காலை ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் அசனம். ஊர் முழுக்க, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பருப்பும் நெய்யும், அவியல், சாம்பார், புளிச்சேரி, கடைசியில் அடைப் பாயசம். மூன்றரை மணிக்கு இறுதி ஆட்டம், பூதப்பாண்டி டீமோடு.

பந்தி விளம்புவது, அதாவது பரிமாறுவது, வாலிபர்களின் வேலை. வருஷா வருஷம் அந்த வேலையென்றால் அபின் எங்காவது ஒளிந்துகொள்வான். அன்று முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சோற்று வாளியைத் தூக்கினான். செல்வதாஸுக்கே ஆச்சரியம்.

மகேஷ்குமார் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவதாக இருந்தான். அபின் முதலில் சோறு போட்டான், அது எல்லோருக்கும் போடுகிற அளவு. சாம்பாருக்கு ஒரு தடவை வந்தான். புளிச்சேரிக்கு இன்னொரு தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் இலையின் நடுவில் ஒரு சோற்றுக் குவியல். மூன்றாவது தடவை மகேஷ்குமார் இலைக்கு மேலே கையை விரித்து மறித்தான்.

"போதும்டே, மேட்ச்சு கெடக்கு."

"இது சபைச் சோறு. வேண்டாம்னு கைய வச்சி மறிக்கப்பிடாது" என்றான் அபின். அப்படி ஒரு சட்டம் எந்தச் சபையிலும் இல்லை.

மகேஷ்குமார் நிமிர்ந்து அபினின் முகத்தைப் பார்த்தான். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

அப்புறம் அபின் பாயச வாளியை மாற்றிக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் ஒரு கரண்டி. மகேஷ்குமாருக்கு மூன்று. மேலே இரண்டு பப்படத்தை நொறுக்கிப் போட்டு, ஒரு மட்டி வாழைப்பழத்தையும் உரித்து வைத்தான். பக்கத்தில் நின்ற போதகர் பார்த்துவிட்டு, "செல்வதாஸுக்க மவன் விருந்தாளிய எப்படிக் கவனிக்கான், பாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அபினுக்குக் காது சூடாயிற்று. ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை. மகேஷ்குமார் வியர்த்துக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல், இலையை வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்தான்.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. மாசி வெயில் மைதானத்தில் நின்று காய்ந்தது. மைக் செட்டுக்காரர் பகவதியப்பன் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ஒரு மேசையில் உட்கார்ந்து ஆட்டத்தை வர்ணித்தார். ஊர்க்காரர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது, சட்டை முதுகைப் பார்த்துப் பெயர் சொல்வார். ஒலிபெருக்கிக் குழாயைத் தென்னை மரத்தில் கட்டியிருந்ததால், இறக்கத்தில் இருக்கிற வீடுகளிலெல்லாம் அவர் இருமுவதுகூடக் கேட்கும்.

மகேஷ்குமாரின் ஓட்டத்தில் முதல் ஐந்து நிமிஷத்திலேயே கனம் தெரிந்தது. பத்தாவது நிமிஷம் விலாவைப் பிடித்தான். இருபதாவது நிமிஷம் கோட்டோரமாக வந்து குனிந்து, வாந்தியெடுத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துப்போயிற்று. நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, அவன் தங்கியிருந்த வீட்டுக்கே, அதாவது அபின் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேரில் ஒருவன் அரையிறுதியில் கணுக்கால் பிசகிக் கிடந்தான், இன்னொருவன் கோல் காவலுக்கு வைத்திருந்தவன். அனில்குமார் சுற்றிலும் பார்த்தார். பத்தாவது பெயர் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றது.

"எறங்குலே" என்றார். "சட்டைய எடுத்து இடு."

மகேஷ்குமார் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பதினோராம் எண் சட்டை அங்கே கிடந்தது, வியர்வையில் நனைந்து. அபின் அதைப் போட்டுக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஒரே உடம்பளவு. சட்டையைத் தலைவழியே இழுக்கும்போதே பிளஸ்ஸியைக் கூப்பிட்டு, "ஓடிப்போய் அம்மையக் கூட்டிட்டு வா. நான் ஏ டீமுல எறங்குகேன்னு சொல்லு" என்றான்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆடினான். சொந்த ஊர் மைதானம், புற்களைக்கூட அவனுக்குத் தெரியும், எந்த இடத்தில் பந்து குதிக்கும், எந்த இடத்தில் சறுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். ஆனால் கண் பந்தில் பாதி, ஏற்றத்து வழியில் பாதியாக இருந்தது. அம்மாவின் நீலப் புடவை இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தான். இடைவேளைக்கு விசில் ஊதியபோது பிளஸ்ஸி மட்டும் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா வரல்ல. மகேஷண்ணனுக்கு ஓமம் அவிச்சிட்டு நிக்கிறா. அவனுக்கு வயிறு முறுக்குதாம், தடவிக் குடுக்கணுமாம். விருந்துக்கு வந்த பிள்ளைய இப்பிடிப் போட்டுட்டு எப்பிடி வருவேன்னு சொன்னா."

ஏ டீமில் ஆடினால் வருகிறேன் என்ற அம்மா, அபின் ஆடுகிற அன்று, அவன் இடத்துக்கு வந்தவனுடைய வயிற்றைத் தடவிக்கொண்டு இருக்கிறாள். அந்த வயிற்றை அந்தக் கதிக்கு ஆளாக்கியவன் யார்? கெடுவான் கேடு நினைப்பான் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்! அவன் ஆத்திரம் முதலில் மகேஷ்குமார்மேல் வந்தது, பிறகு அம்மாமேல் வந்தது, கடைசியில் போக வேறு இடமில்லாமல் தன்மேலேயே வந்து நின்றது.

இரண்டாம் பாதி முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது, மைதானத்தின் இடப்பக்கச் சரிவில் பந்து வந்தது. பூதப்பாண்டிக்காரன் அது வெளியே போய்விடும் என்று விட்டுவிட்டான். அந்தச் சரிவில் பந்து எப்படி உருளும் என்று அபினுக்குத் தெரியும். ஓடைக்குப் போகுமுன் மறித்துப் பழகிய கால். கோட்டின் மேலே பந்தை நிறுத்தினான், ஓர் அடி உள்ளே வந்தான், இடது காலால் அடித்தான். கோல் காவலன் கையைத் தூக்கும்போது பந்து அவனுக்குப் பின்னால் வலையில் கிடந்தது.

"கோல்! கோல்!" ஒலிபெருக்கி அலறியது. "பதினோராம் நம்பர் மகேஷ்குமார்! ஆரல்வாய்மொழி தந்த வீரர் மகேஷ்குமார்! காய்ச்சலோ வயிற்று வலியோ, எதுவும் இவரைத் தடுக்க முடியாது!"

பக்கத்தில் நின்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "அது நம்ம அபினாக்கும்" என்று இரண்டு பேர் கத்தினார்கள். மைக்கின் சத்தத்தில் அது பகவதியப்பனுக்குக் கேட்கவில்லை. அவர் மகேஷ்குமாரை இன்னும் மூன்று தடவை வாழ்த்தினார். தூரத்தில் வெளியூர்க் கூட்டம் அதே பெயரைச் சொல்லிக் கைதட்டியது. விடிவெள்ளி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்தபின் அனில்குமார் போய்ச் சொல்லி, பகவதியப்பன் திருத்திச் சொன்னபோது பாதிக் கூட்டம் பைக்கைக் கிளப்பிவிட்டிருந்தது.

அபினைத் தோளில் தூக்கினார்கள், அனில்குமார் கட்டிப்பிடித்தார், செல்வதாஸ் கூட்டத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நடந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே அவன் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தான்: ஒலிபெருக்கி இறக்கம் வரைக்கும் கேட்கும். அம்மா என்ன கேட்டிருப்பாள்? கட்டிலில் படுத்துக் கிடக்கிறவன் பெயரைக் கேட்டிருப்பாள்.

பொழுது சாய வீட்டுக்குப் போனான். மகேஷ்குமார் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. தேவகனி அபினைக் கண்டதும் எழுந்து வந்து, இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்தாள்.

"கேட்டேன்லே! மைக்குல மகேஷ்குமாரு கோலுன்னு சொல்லுதான். நான் இவனப் பாக்கேன், இவன் இங்ஙனல்லா கெடக்கான். அப்பம் இவன்தான் சொன்னான், 'அம்மா, சட்டைதான் எனக்குள்ளது, கோலு உங்க மவனுக்குள்ளது'ன்னு."

அம்மாவின் கண் நிறைந்திருந்தது. அபினுக்கோ நெஞ்சில் முள் குத்தியது. தான் போட்ட கோலின் சேதிகூட மகேஷ்குமாரின் வாயிலிருந்துதான் அம்மாவுக்குப் போயிருக்கிறது. இதையாவது அவன் விட்டுவைத்திருக்கக்கூடாதா?

தேவகனி தட்டைப் போட்டாள். அன்று காலையிலேயே வாங்கி வைத்த நெய்மீன். நடுத்துண்டு நேராக அபின் தட்டில் வந்து விழுந்தது. நான்கு நாளாக எதிர்பார்த்த துண்டு.

"இவனுக்குச் சபையில எவன்லே இப்பிடிப் போட்டு விளம்பினது?" என்றாள் தேவகனி, உட்கார்ந்துகொண்டே. "இங்ஙன வந்தும் வாந்தியெடுத்ததப் பாக்கணும், சட்டி நிறைய இருக்கும். வெளையாடப் போற பிள்ளைக்கு இவ்வளவு போடலாமா? எவன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்கான்."

"கூட்டத்துல யாரோம்மா, முகம் பாக்கல்ல" என்றான் மகேஷ்குமார், கஞ்சியைப் பார்த்துக்கொண்டே.

அபினின் கை தட்டில் நின்றுவிட்டது. பந்தியில் மகேஷ்குமார் கையை எடுத்த அந்த நேரம், முகத்தை நிமிர்ந்து பார்த்த பார்வை, எல்லாம் திரும்ப வந்தது. தெரிந்துதான் தின்றிருக்கிறான். தெரிந்துதான் இப்போது மறைக்கிறான். கால் விஷயத்தில்தான் தன்னைவிட ஒரு படி மேலே என்று நினைத்தால், இந்த விஷயத்தில் பத்துப் படி மேலே நின்றுகொண்டு இருக்கிறான். அபினால் அதைப் பொறுக்க முடியவில்லை. நேர்மையால் சொன்னானா, பொறாமையால் சொன்னானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"நான்தான் விளம்பினேன்" என்றான். "வேணும்னுதான். மூணு கரண்டி பாயசம். இவன் மிச்சம் வைக்க மாட்டான்னு தெரிஞ்சு போட்டேன்."

பிளஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வதாஸ் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். தேவகனி எழுந்து அடுக்களைக்குப் போனாள். விளக்குமாற்றோடு வருவாள் என்று அபின் நினைத்தான். சோற்றுப் பானையோடு வந்தாள்.

ஓர் அகப்பை போட்டாள். இன்னோர் அகப்பை போட்டாள். மீன்துண்டு சோற்றுக்குள் புதைந்தது. அபின் கையை விரித்துத் தட்டை மறித்தான்.

"கைய எடுலே. வீட்டுச் சோத்த வேண்டாம்னு மறிக்கப்பிடாது. தின்னு. ஒரு பருக்க மிச்சம் இருக்கப்பிடாது."

மூன்றாவது அகப்பையும் விழுந்தது. அபின் தலையைக் குனிந்துகொண்டு தின்னத் தொடங்கினான். பாதிக்கு வந்ததும் மூச்சு முட்டியது. கட்டிலிலிருந்து மகேஷ்குமார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கமாட்டாமல், "விடுங்கம்மா, பாவம்" என்றான். அபினுக்கு அதற்கும் எரிந்தது. திட்டு வாங்குவதையாவது தனியாக வாங்க விடுகிறானா?

தேவகனி அவனுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். மூட்டைத் தடவிக்கொண்டாள். கோபம் போயிருக்கவில்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"எந்தக் காலால அடிச்ச?"

"இடது கால்."

"எங்ஙன வச்சி?"

"சரிவுல, அம்மா. அவன் பந்து வெளியப் போவும்னு விட்டுட்டான்…"

"அந்தச் சரிவுலயா?" என்று மகேஷ்குமார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அங்க பந்து நிக்காதே, நான் வெள்ளிக்கிழம அங்கதான்…"

"நீ மிண்டாதே மக்ளே" என்று தேவகனி அவன் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி மறித்தாள். "எனக்க மவன் சொல்லட்டு."

மகேஷ்குமார் வாயை மூடிக்கொண்டான். அபின் சோற்றை விழுங்கிவிட்டு, எச்சில் கையாலேயே தரையில் கோடு போட்டு, பந்து எங்கே உருண்டது, தான் எங்கே நின்றது, காவலன் எந்தப் பக்கம் சாய்ந்தான் என்று முதலிலிருந்து சொன்னான். சொல்லி முடித்ததும் தேவகனி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். அதற்குள் தட்டு காலியாகியிருந்தது. அவள் இன்னோர் அகப்பை போட்டாள், அவன் அதையும் தின்றான்.